நாற்பது வருடம் தூங்கிய செயின்சாவை எழுப்புவது எப்படி

மரம் அறுக்கும் பழைய செயின்சா ஒன்று கைக்கு வந்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் காரியம், ஸ்டார்ட்டர் கயிற்றை வேகமாக இழுத்துப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். என் முதல் மெஷினை நான் அப்படித்தான் இழுத்தேன். அதில் காற்று வடிகட்டி இல்லை. கார்புரேட்டர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. உதிர்ந்த மண் உள்ளே போய், நன்றாக இருந்த பிஸ்டனைக் கோடு கோடாகக் கீறிவிட்டது. மெஷினை வாங்கிய விலையைவிடப் பிஸ்டனுக்குக் கொடுத்த விலை அதிகம்.

செயின்சாவைத் திறந்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். வீட்டில் டி.வி.எஸ். 50 வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டிய அனுபவம் இருந்தால் பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இதுவும் அதே டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷின்களில் பெரும்பாலும் கெட்டுப்போவது உலோகம் அல்ல, ரப்பர். பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் டயாஃப்ரம், ஆயில் சீல் ஆகிய மூன்றும் காய்ந்து விறைத்துப்போயிருக்கும். இது தெரியாமல் எடுத்த எடுப்பில் இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவர்கள்தான் கடைசியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய உதிரிப் பாகங்களோடு உட்கார்ந்திருப்பார்கள்.

எந்த மெஷினில் தொடங்கலாம்?

என் வாக்கு ஹோம்லைட் எக்ஸ்.எல்.-12க்கு. 1960களில் அமெரிக்காவில் வந்த மாடல். 54 சி.சி. இன்ஜின், மக்னீசிய வார்ப்பு உடல். பாரும் (செயின் ஓடும் நீண்ட தகடு) செயினும் இல்லாமல் சுமார் 12 பவுண்டு எடை; பெயரில் உள்ள 12 அதுதான். அதற்கு முந்தைய தலைமுறை மெஷின்களைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மெக்கலக் கம்பெனி 1949-ல் கொண்டுவந்த 3-25 மாடல் 25 பவுண்டு. அதையே அன்று இலகுவான மெஷின் என்று கொண்டாடினார்கள்.

எக்ஸ்.எல்.-12 லட்சக்கணக்கில் விற்ற மெஷின் என்பதால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய வீட்டுச் சாமான் விற்பனைகளில் இன்றும் கிடைக்கிறது, உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. சற்றுப் பெரிய தம்பியான சூப்பர் எக்ஸ்.எல். (58 சி.சி.) கிடைத்தாலும் சரி. மெக்கலக் மேக் 10-10 இதற்குச் சமமான போட்டியாளர். ஆனால் அதில் உள்ளே கை நுழையும் இடம் குறைவு, முதல் மெஷினாக வேண்டாம். (அந்தக் கம்பெனியின் ராபர்ட் மெக்கலக்தான் 1968-ல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கியவர். கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய், அரிசோனாவில் மறுபடி கட்டி, 1971-ல் திறந்தார்கள். செயின்சா விற்ற காசு!)

வாங்கும்போது விற்பவர் "போன வருடம்கூட ஓடியது" என்பார். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளே பிஸ்டன் நகர்ந்து, இடையில் அமுக்கம் கையைத் தடுத்தால் போதும். மக்னீசிய உடலில் வெடிப்பு, குறிப்பாகக் கைப்பிடி இணையும் இடத்தில் வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் நாள்: பார்ப்பது மட்டும்

மெஷினை மேசையில் வைத்து, பழைய பெட்ரோலை வெளியே ஊற்றுங்கள். வார்னிஷ் வாடை அடிக்கும். பிறகு வெளியே ஒட்டியிருக்கும் மரத்தூள் கலந்த ஆயில் சேற்றைச் சுரண்டித் துடையுங்கள். அழகுக்காக இல்லை, மூடியைத் திறக்கும்போது அந்தச் சேறு உள்ளே விழக்கூடாது என்பதற்காக. மக்னீசியம் என்பதால் கிரைண்டர், வெல்டிங் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

அடுத்தது சைலன்சர். கழற்றினால் வெளியேற்று வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். வழவழப்பாக, லேசான பழுப்போடு இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடுகள், ஈயம் பூசினாற்போல் திட்டுகள் இருந்தால் மெஷின் ஒருமுறை சீஸ் ஆகியிருக்கிறது, அதாவது சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெஷின் தேறுமா என்பதை இங்கே சொல்லிவிடலாம். ஐந்து நிமிட வேலை, எத்தனையோ பேர் இதைச் செய்வதில்லை.

பிஸ்டன் நன்றாக இருந்தால் பிளக் ஓட்டை வழியாகச் சில சொட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாகப் பத்து முறை இழுங்கள். பிறகு கம்ப்ரஷன் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை இழுங்கள். 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) பக்கம் வந்தால் கொண்டாடலாம். 120 என்றால் ஓடும். 100-க்குக் கீழே என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் பள்ளத்தில் கரி ஒட்டிச் சிக்கியிருக்கலாம். ஆயில் விட்ட உடனே எடுத்தால் கேஜ் சற்று அதிகமாகக் காட்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தீப்பொறி

பிளக்கை வயரோடு இணைத்து, அதன் உலோக உடல் சிலிண்டரைத் தொடும்படி வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே பிடித்துக் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி சட்டென்று தெறித்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

பொறி வரவில்லையென்றால் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் குறை சொல்லும் முன் சுவிட்ச் வயரைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் அந்த வயர் எங்கேயோ உடலில் உரசி எர்த் ஆனதுதான். அதுவும் இல்லையென்றால் பாயிண்ட், அதாவது திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனை. எக்ஸ்.எல்.-12-ல் பாயிண்டும் கண்டென்சரும் ஃபிளைவீலுக்கு (காந்தம் பதித்த சுழல்சக்கரம்) அடியில் இருக்கின்றன. ஃபிளைவீல் நட்டைக் கழற்ற இன்ஜின் சுற்றாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிளக் ஓட்டை வழியாக மென்மையான கயிற்றைச் சுருட்டிச் சிலிண்டருக்குள் திணிப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பிஸ்டன் மேலேறி வெளியேற்று வாயை முழுதாக மூடிய பிறகுதான் கயிற்றை விட வேண்டும். முன்பே விட்டால் கயிறு அந்த வாயில் மாட்டிக்கொள்ளும். ஃபிளைவீலைப் புல்லர் போட்டு எடுங்கள். கிராங்க் முனையில் சுத்தியலால் நேராக அடித்தால் மரை போய்விடும்.

பாயிண்ட் முகத்தில் படிந்த கறுப்பை மெல்லிய உப்புக்காகிதத்தால் ஒரு இழுப்பு, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைக் காகிதத்தால் துடைப்பு. இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ., ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள். காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் இடையே விசிட்டிங் கார்டு தடிமன் போதும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். சூடாகும்வரை ஓடிவிட்டு, பிறகு அணைந்து, ஆறிய பின்தான் மறுபடி ஓடுகிறது என்றால் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகப்படுங்கள். கண்டென்சர் மலிவு, அதையே முதலில் மாற்றிப் பாருங்கள்.

கார்புரேட்டர்: இங்கேதான் நேரம் போகும்

டி.வி.எஸ். கார்புரேட்டரில் மிதவை உண்டு, பெட்ரோல் தேங்கும் கிண்ணம் உண்டு. செயின்சாவைக் கவிழ்த்தும் சாய்த்தும் பிடித்து அறுக்க வேண்டும், எனவே இதில் கிண்ணமே கிடையாது. இரண்டு டயாஃப்ரம்கள் இருக்கின்றன. ஒன்று, கிராங்க் கேஸில் மாறி மாறி எழும் அழுத்தத்தால் துடித்துப் பெட்ரோலை டாங்கிலிருந்து உறிஞ்சும். மற்றொன்று, இன்ஜின் இழுக்கிற அளவுக்கு உள்ளே வளைந்து, ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தி ஊசியைத் திறக்கும். இரண்டுமே தோல் போன்ற மெல்லிய ரப்பர் தாள்கள். புதிதாக இருக்கும்போது துணிபோல் வளையும். பழசானால் அப்பளம்.

எக்ஸ்.எல்.-12-ல் பின்மூடியைத் திறந்தால் காற்று வடிகட்டி, அதற்குப் பின்னே கார்புரேட்டர். பெரும்பாலும் டில்லாட்சன் எச்.எஸ். அல்லது வால்ப்ரோ எஸ்.டி.சி. எதுவென்று உடலில் பொறித்திருக்கும். அதற்கேற்ற டயாஃப்ரம் கிட்டை வாங்குங்கள். மலிவான முழு கார்புரேட்டர் வாங்கிப் பொருத்துவதைவிடப் பழையதையே சுத்தம் செய்வது நல்லது என்பது என் கட்சி.

பிரிக்கும் முன் போட்டோ. ஒவ்வொரு திருகுக்கும் முன் போட்டோ. ஊசிக்கு மேலே உள்ள டயாஃப்ரம் பக்கத்தில் முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயாஃப்ரம், அதன்மேல் மூடி என்று வரும். எதிர்ப்பக்கத்தில் பம்ப் டயாஃப்ரம் இருக்கும் வரிசை வேறு. இதை மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கயிறு இழுத்துத் தோள் வலித்த ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

எல் (குறைந்த வேகத்துக்கு) என்றும் எச் (அதிக வேகத்துக்கு) என்றும் குறித்த இரண்டு ஊசித் திருகுகளையும் கழற்றும் முன், மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்று போகிறது என்று எழுதி வையுங்கள். கார்ப் கிளீனரை ஒவ்வொரு துளையிலும் அடித்து, மறுமுனையில் வெளியே வருகிறதா பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது எந்தத் துளை வழியே திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. துளைகளில் கம்பி விட வேண்டாம். உள்ளே வாயிலில் இருக்கும் சிறு சல்லடை அடைத்திருக்கும், அதை ஊசி முனையால் தூக்கி எடுத்துப் புதிதாக மாற்றுங்கள். புது ஊசியையும் நெம்புகோலையும் போட்டபின், டில்லாட்சன் எச்.எஸ்.-ல் நெம்புகோலின் முனை அறையின் தரையோடு சமமாக இருக்க வேண்டும். ஒரு நேர்கோல் வைத்துப் பாருங்கள். உயரமாக இருந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்திருந்தால் இன்ஜின் பட்டினி கிடக்கும்.

பெட்ரோல் குழாயையும் டாங்குக்குள் கிடக்கும் வடிகட்டியையும் யோசிக்காமல் மாற்றுங்கள். புதுக் குழாய், டாங்கின் சுவரில் உள்ள ஓட்டையில் இறுக்கமாக உட்கார வேண்டும். நுனியைப் பேனா சீவுவதுபோல் சாய்த்து வெட்டி, ஆயில் தடவி, குறடால் பிடித்து மறுபக்கத்துக்கு இழுத்து, பிறகு நுனியை நறுக்கிவிடலாம். ஒரு கடையில் எனக்குக் கொடுத்த குழாய், பெட்ரோல் தாங்காத பிளாஸ்டிக். மூன்றே மாதத்தில் மூங்கில் குச்சிபோல் விறைத்துப்போனது. சிறு இன்ஜின் பெட்ரோலுக்கென்றே வரும் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

கார்புரேட்டர் வெளியே இருக்கும்போதே அதற்குப் பின்னால் உள்ள, கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வையும் பார்த்துவிடுங்கள். மெல்லிய எஃகு நாக்குகள் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். நுனி உடைந்தோ தூக்கியோ இருந்தால் இன்ஜின் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலைத் திரும்பத் துப்பும்.

காற்று கசிகிறதா?

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மெஷினை ஓட்டுபவர்கள் நிறைய. ஓடும், பத்து நிமிடம் அருமையாக ஓடும். கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் காய்ந்திருந்தால் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோலின் விகிதம் குறையும், அதோடு ஆயிலும் குறையும், ஏனென்றால் இந்த இன்ஜினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடு கலந்துதான். சூடேறிச் சிலிண்டரோடு பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும்.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி சைலன்சருக்கு அடியில் வைத்து முடுக்குங்கள். இன்னொரு துண்டு கார்புரேட்டர் இடத்தில். பிளக் ஓட்டை வழியாகக் கைப்பம்பால் 7 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம். முள் அப்படியே நின்றால் மகிழ்ச்சி. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி எங்கே என்று தேடுங்கள். அதே பம்பால் காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும்; சில சீல்கள் வெளியே விடாது, உள்ளே மட்டும் விடும். சீலை மாற்றக் கிளட்சைக் கழற்ற வேண்டிவரும். செயின்சாவில் கிளட்ச் பெரும்பாலும் லெஃப்ட் திரெட், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வரவில்லையே என்று பலத்தைக் காட்டும் முன் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.

பிஸ்டன் கீறியிருந்தால் மட்டும்

சிலிண்டரின் உள்பூச்சு குரோமியம். கீறல் பெரும்பாலும் பிஸ்டனில்தான் இருக்கும், சிலிண்டரில் தெரிவது பிஸ்டனிலிருந்து ஒட்டிக்கொண்ட அலுமினியம். அதை அமிலம் ஊற்றிக் கரைக்கச் சிலர் சொல்வார்கள். வேறு வகைப் பூச்சுக்கு அது சரிப்படலாம், குரோமியத்தையோ ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரித்துவிடும். நுண்ணிய உப்புக்காகிதத்தை ஆயிலில் நனைத்துப் பொறுமையாகத் தேயுங்கள். நகத்தை ஓட்டிப் பார்த்தால் எங்கும் தட்டக்கூடாது. பூச்சு உரிந்து அடியில் உள்ள அலுமினியம் தெரிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். புது ரிங் போடும்போது, பள்ளத்தில் உள்ள சிறு ஆணிக்கு நேரே ரிங்கின் வாய் வர வேண்டும். தவறினால் சிலிண்டரைத் தள்ளும்போதே ரிங் உடையும்.

பெட்ரோலும் ஆயிலும்

அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றின் மேல் 16-க்கு 1 என்று எழுதியிருக்கும். அது அன்றைய ஆயிலுக்கு. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 32-க்கு 1 போதும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 31 மி.லி.; அமெரிக்க காலனுக்கு 4 அவுன்ஸ். 50-க்கு 1 என்பது புது மெஷின்களுக்கு, இதில் வேண்டாம்.

முடிந்தால் எத்தனால் கலக்காத பெட்ரோல். அமெரிக்காவில் சாதாரணமாக 10 சதவீதம் கலக்கிறார்கள், இந்தியாவில் இப்போது 20 சதவீதம் வரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். வேறு வழியில்லையென்றால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மீதியை மெஷினில் விடாதீர்கள்.

ஓடவிட்டு, காதால் சரிசெய்தல்

வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்ட வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. மெஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் மிதித்து, முன்கைப்பிடியை ஒரு கையால் பிடித்து இழுங்கள். தொங்கவிட்டபடி வீசி இழுப்பது பார்க்க ஜோராக இருக்கும், தொடை கிழியும்.

எல், எச் இரண்டும் ஒரு சுற்று திறந்த நிலையில் தொடங்கலாம். சூடானதும் எல் திருகை இருபக்கமும் திருப்பி, ஐடிலிங் அதிவேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் வெளியே திருப்புங்கள். பிறகு ஐடில் திருகால் வேகத்தைக் குறைத்து, செயின் அசையாமல் நிற்கும்படி வையுங்கள்.

எச் திருகுதான் ஆபத்து. அதை உள்ளே திருகத் திருக வேகம் ஏறும், சத்தம் கூர்மையாகி இனிமையாக இருக்கும். நான் அந்த இனிமையில் மயங்கி, இரண்டாவது மெஷினை ஒரு மதியத்தில் சீஸ் ஆக்கினேன். சரியான சத்தம் அசிங்கமாக இருக்கும். மரத்தில் வைக்காமல் முழு த்ராட்டில் கொடுத்தால் பொறபொறவென்று, ஒரு வெடி விட்டு ஒரு வெடி வெடிப்பதுபோல் தடுமாற வேண்டும். மரத்தில் பாரை அழுத்தியதும் அந்தப் பொறபொறப்பு விலகி, ஒரே சுருதியில் இழுக்க வேண்டும். பாரத்தை எடுத்தால் மறுபடி பொறபொறப்பு. மரத்திலும் தடுமாறினால் கொஞ்சம் உள்ளே. வெறும் காற்றிலேயே கூர்மையாகக் கத்தினால் உடனே வெளியே.

அறுக்கும் முன்

இந்த மெஷினில் செயின் பிரேக் கிடையாது. அதிர்வைத் தடுக்கும் ரப்பரும் கிடையாது. பாரின் மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். நிறுத்த எதுவும் இல்லை. முன்கைப்பிடியைக் கட்டைவிரலால் சுற்றிப் பிடியுங்கள், மூக்கால் அறுக்காதீர்கள், தோளுக்குமேல் தூக்காதீர்கள். எகிறலைக் குறைக்கும் வகைச் செயினாக வாங்குங்கள். காலுக்கு செயின்சா சாப்ஸ் (கால்களை மறைக்கும் பாதுகாப்பு உறை), காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. அதிர்விலேயே வருடக்கணக்கில் வேலை செய்த மரவெட்டிகளுக்கு விரல்கள் ரத்தம் ஓடாமல் வெளுத்துப்போகும் நோய் வந்தது. ஒரு டாங்க் ஓட்டினால் கொஞ்சம் ஓய்வு எடுங்கள்.

3/8 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினுக்கு 7/32 அங்குல உருண்டை அரம். எல்லாப் பல்லுக்கும் ஒரே கோணம், ஒரே எண்ணிக்கை இழுப்பு. பூப்போல் சீவல் விழுந்தால் கூர் இருக்கிறது. மாவுபோல் தூள் விழுந்தால் நிறுத்தி அரம் போடுங்கள்.

எக்ஸ்.எல்.-12-ல் செயினுக்கு ஆயில் தானாக வராது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அறுக்கும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை அதை அமுக்க வேண்டும். புது மெஷினில் பழகியவர்கள் கட்டாயம் மறப்பார்கள். பாரின் மேல் புகை வந்தால் கட்டைவிரல் தூங்குகிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் டாங்கைக் காலிசெய்து, மிச்சப் பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிட்டு, பிறகு அலமாரியில் வையுங்கள். குளவிகள் வரும் ஊராக இருந்தால் காற்று வடிகட்டியின் மூடியைப் போட்டுத் திருகிவிட்டு.